செவலைக்கோழி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் கோழிக்குப் பேச வரும். மாட்டுக்கும் வரும், பூனைக்கும் வரும். ஆனால் மாடு அலுத்துக்கொள்வதற்கு மட்டும்தான் வாயைத் திறக்கும். பூனை பால்சட்டியைத் தவிர வேறொன்றும் பேசாது. கோழி அப்படியில்லை. விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் ஓயாத வாய். எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்தக் குப்பையில் என்ன புழு, யார் யாரை முறைத்துக்கொண்டு போனார்கள், அத்தனையும் அதற்குத் தெரியும். தெரிந்ததை அடக்கிவைக்க மட்டும் தெரியாது. பொய் சொல்லவும் வராது. வயிற்றில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடும். நல்ல குணம்தான், அந்த நல்ல குணத்தால் அது பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

புளியங்கரை என்று ஒரு ஊர். அங்கே பொழுது சாய்ந்ததும் பெண்கள் முற்றத்துக்கு வந்து கோழிகளை அடைப்பார்கள். பஞ்சாரம் என்கிற பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கோழியையும் நிறுத்தி, "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு கனிவாக இருக்கிறது, பாருங்கள்! "ஒண்ணும் செய்யல" என்று சொன்ன கோழி பஞ்சாரத்துக்குள் போகும். "காலு நோவுது" என்றோ, "தலை கிறுகிறுங்குது" என்றோ சொன்ன கோழியைத் தனியாக எடுத்துப்போவார்கள். மற்ற கோழிகள், "அவ எங்கே?" என்று கேட்கும். "வைத்தியத்துக்கு அனுப்பியிருக்கு" என்பார்கள். மறுநாள் அந்த வீட்டில் கோழிக்குழம்பு.

ஊரார் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வருஷம் வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிநோய் வந்து ஊரில் ஒரு சேவல்கூடக் கூவ மிச்சமில்லாமல் போனது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது இல்லையா? அன்றைக்கு ஊர் கூடிப் பேசி வைத்தார்கள்: நோக்காடு என்று வாயைத் திறந்த கோழி மறுபொழுதைப் பார்க்கக் கூடாது. கழிச்சலுக்கும் கத்திதான், காலில் முள் குத்தினாலும் கத்திதான். பயந்த மனசுக்கு எல்லாக் கயிறும் பாம்பு.

இந்த ஊருக்குத்தான் உலகம்மா வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் பிறந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு, அவள் புருஷன் கொம்பையா ஆட்டுக்கிடை போடத் தெற்கே போய்விட்டான். போனால் மழை தொடங்கித்தான் திரும்புவான். வீட்டில் இருந்தது மாமியார் வண்டிமலைச்சி ஒருத்திதான். கெட்டவள் இல்லை. ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று.

உலகம்மாவுக்குத் துணை என்று இருந்தது செவலை. தாய்வீட்டுச் சீரோடு வந்த செந்நிறப் பெட்டைக்கோழி. அம்மாவின் காலடியில் வளர்ந்தது என்பதால் அம்மாவின் பேச்சு அப்படியே அதற்கு வரும். மாவிடிக்கும்போது அம்மா விடுகிற பெருமூச்சு, அப்பாவைத் திட்டும் திட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு கேட்கும் ராகம், ஒன்று பாக்கியில்லை. சாயங்காலம் பஞ்சாரத்துக்குள் நுழையும் முன்னால் தலையைச் சாய்த்து, அம்மா சொல்கிற மாதிரியே, "போதும்டி தாயி, வேலை கெடக்கட்டும், படு" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். அதைக் கேட்டால்தான் உலகம்மாவுக்கு உறக்கம் வரும். கேட்காமல் படுத்தால் பாயில் புரண்டுகொண்டே கிடப்பாள். புகுந்த ஊரில் அவளை 'தாயி' என்று கூப்பிட அந்த ஒரு வாய்தான் இருந்தது.

மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து வேய்ந்தார்கள். பழைய ஓலையும் மக்கிப்போன பனைநாரும் முற்றத்தில் வந்து விழுந்தன. அதில் புழுவும் பூச்சியும் நெளிந்தன. கோழிகளுக்குச் சொல்லவா வேண்டும்! காணாததைக் கண்டது போலப் பாய்ந்தன. செவலைக்கு அவசரம் கொஞ்சம் அதிகம். புழு எது, நார் எது என்று பார்க்கவில்லை. நெளிவதையும் விழுங்கியது, நெளியாததையும் விழுங்கியது. அதற்கு மேலே வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது.

மறுநாள் மத்தியானம் உலகம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது செவலை தள்ளாடிக்கொண்டு வந்தது.

"ஏ தாயி, கழுத்துக்குக் கீழே அம்மிக்கல்லக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருக்கு. நேத்துத் தின்னது அப்படியே நிக்கி. சாயங்காலம் உங்க அத்தை கேப்பாள்லா, அப்ப சொல்லுதேன். வைத்தியத்துக்கு அனுப்புவா."

உலகம்மாவுக்குக் கையிலிருந்த விறகு நழுவியது. ஊரில் கோழியிடம் சொல்லக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். வந்த முதல் நாளே மாமியார் அதைச் சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகள்கூட மறந்தும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிப் பார்த்தவர் இல்லை.

அவள் செவலையின் கண்ணைப் பார்த்தாள். அது அவளையே நம்பி நின்றுகொண்டிருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"செவலை, வைத்தியம் ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா? அப்ப சாம்பலி எங்க போனா? கொண்டைக்காரி எங்க போனா?"

"சட்டிக்குப் போனாங்க."

செவலை வாயைத் திறந்தபடி நின்றது. பிறகு, "நீயும் தின்னியா?" என்று கேட்டது.

"தின்னேன்" என்று சொல்லி உலகம்மா அழுதாள். "சாயங்காலம் ஒண்ணும் செய்யலன்னு சொல்லிரு. உன்னைக் கும்பிடுதேன்."

"எனக்குப் பொய் வராதே, தாயி. திறந்தா உள்ளதுதான வரும்."

"அப்படின்னா திறக்காத. என்ன கேட்டாலும் வாயைத் திறக்காத."

செவலை திரும்பிப் போயிற்று. போகிற வழியில் மற்ற கோழிகளைப் பார்த்தது. அறிந்ததைச் சொல்லாமல் இருக்க அதனால் ஆகுமா? அதுதான் அது கடைசியாகப் பேசிய பேச்சு. பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரு, குப்பைமேட்டுக்குக் குப்பைமேடு செய்தி போய்விட்டது.

அன்று சாயங்காலம் வண்டிமலைச்சி பஞ்சாரத்தோடு வந்து, "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். செவலை பேசாமல் நின்றது.

"என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

செவலை அலகை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.

"எங்கூடச் சண்டை அத்தை, அதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு" என்று உலகம்மா முந்திக்கொண்டாள். கோழிக்குப் பொய் வராது, நமக்கு வருமே.

வண்டிமலைச்சி அடுத்த கோழியைக் கேட்டாள். அதுவும் பேசவில்லை. அவள் செல்லமாக வளர்த்த புள்ளிக்கோழி, எதைக் கேட்டாலும் மூன்று பதில் சொல்லும் கோழி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சாரத்து மூங்கில் இடுக்கைப் பார்த்தது. நோவு இல்லாததும், நோவுள்ளதைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று வாயை மூடியிருந்தது. பக்கத்து வீட்டு முற்றத்திலும், எதிர்வீட்டு முற்றத்திலும், "ஏ, இதுகளுக்கு என்ன வந்துச்சு?" என்று குரல்கள் கேட்டன. உலகம்மா செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'போதும்டி தாயி' என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். செவலை தலையைச் சாய்த்தது. அலகு அசையவே இல்லை. திறந்தால் உண்மை வரும், உண்மை வந்தால் கத்தி வரும் என்று அது பயந்துவிட்டது. அன்று அவள் உறங்கவில்லை.

விடிந்தும் விடியாமல் உலகம்மா பஞ்சாரத்தைத் தூக்கினாள். எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று சொல்ல வாய் இல்லை. வேறு வழி தெரியாமல் செவலையை மடியில் வைத்து, கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே, தின்ற தீனி வந்து தங்குகிற இரைப்பையைத் தொட்டாள். கெட்டியாக, களிமண் உருண்டை மாதிரி இருந்தது. இது வழக்கமா, வழக்கமில்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மற்ற கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொட்டாள். எல்லாவற்றுக்கும் அந்த இடம் வெற்றுச் சுருக்குப்பையாகத் தொங்கியது. ராத்திரி முழுக்க இறங்கிச் செரித்திருந்தது. புள்ளிக்கோழி மட்டும் அவள் கைக்குச் சிக்காமல் மாமியாரின் காலடிக்கு ஓடிவிட்டது.

சரி, அடைத்திருப்பது இறங்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் கொட்டிவிடும் என்று நினைத்தாள். மூட்டையில் தானியத்தைக் கொட்டி எடுக்கிற கை, அப்படித்தான் நினைக்கும். பிடித்துக் கவிழ்த்த மாத்திரத்தில் செவலைக்கு மூச்சு முட்டி, கொண்டை கறுத்து, கண் செருகியது. பதறிப்போய் நிமிர்த்தினாள். "பாவி, நானே கொன்னுருப்பேனே" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கவிழ்க்கவே இல்லை.

பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டொரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அலகின் ஓரத்தில் துளித்துளியாக வைத்தாள். அது தானாக விழுங்கும் வரை காத்திருந்தாள். பிறகு இரைப்பையை விரல் நுனியால், பச்சைப்பிள்ளையின் வயிற்றைத் தடவுவது போல, மெல்லப் பிசைந்துவிட்டாள். விட்டுவிட்டுப் பிசைந்தாள். தீனி என்று ஒரு மணி கொடுக்கவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் தனிக் கூடையில் கவிழ்த்து வைத்தாள். ஒருவேளை கழிச்சலாகவே இருந்தாலும் மற்றதுக்கு ஒட்டக் கூடாதே. செவலை கூடைச் சந்து வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பசி என்று கேட்கவில்லை, வலி என்று சொல்லவில்லை. அந்தப் பார்வைக்குக் காதடைக்கிற அதன் பழைய பேச்சே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த விடியலில் உருண்டை கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. களிமண்ணாக இருந்தது பிசைந்த மாவாக ஆகியிருந்தது. அதற்கும் மறுநாள் எச்சத்தோடு நாரும் சிலாம்புமாக வந்து விழுந்தது. அதைக் கண்டு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் உலகம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். குனிந்து அந்த நாரைக் குச்சியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது.

"ஏட்டி. நோய்க்கோழிய ஒளிச்சா வச்சிருக்க?"

வண்டிமலைச்சி நின்றுகொண்டிருந்தாள். கையில் அரிவாள்மணை இல்லை, முகத்தில் இருந்தது.

"ஊர்க்கோழி அத்தனையும் வாயடைச்சுக் கெடக்கு. யாரோ சொல்லிட்டாங்கன்னு ஊரே பேசுது. நீதான சொன்ன?"

உலகம்மா பொய் சொல்லியிருக்கலாம். ஒருதரம் சொன்னவள்தான். ஆனால் கூடைக்குள்ளிருந்து செவலை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா அத்தை. நான்தான் சொன்னேன்."

மாமியார் கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கத்தவில்லை. விறகுக்கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கழிச்சல் வந்த வருஷம் நீ பாக்கல. ராத்திரி அடைச்சது காலைல ஒண்ணுமேல ஒண்ணா விறைச்சுக் கெடந்துச்சு. கூடை கூடையா அள்ளிக் குழியில போட்டோம். அதுக்குப் பொறவுதான் கேக்க ஆரம்பிச்சோம். அதுக சொன்னதால பொழச்சோம். இனிமே எது நோய், எது நல்லதுன்னு நான் எதை வச்சுட்டி கண்டுபிடிப்பேன்? நீ ஒரு கோழியக் காப்பாத்த ஊர்க்கோழிய எல்லாம் குழியில தள்ளிட்ட."

உலகம்மாவுக்குச் சுருக்கென்றது. மாமியார் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்தனை நாள் ஊரார் வைத்த அந்தச் சட்டத்தில் அவள் பயம் ஒன்றைத்தான் பார்த்திருந்தாள், குழியைப் பார்க்கவில்லை.

"அத்தை, கையைக் குடுங்க."

"என்னத்துக்கு?"

"குடுங்க அத்தை."

மாமியாரின் கையைப் பிடித்து, விடியலில் அப்போதுதான் வெளியே வந்த ஒரு கோழியின் இரைப்பையில் வைத்தாள். "இது நல்லது. வெறும் பை." செவலையின் இரைப்பையில் வைத்தாள். "இது அன்னைக்குக் கல்லா இருந்துச்சு. இன்னைக்கு மாவா இருக்கு. நாளைக்கு இறங்கிரும். சாயங்காலம் நெறஞ்சிருக்கணும், விடியக்குள்ள வத்தியிருக்கணும். வத்தலன்னா அது வாயைத் திறந்து சொன்ன மாதிரிதான்."

"இது கழிச்சலைச் சொல்லுமா?"

"எல்லாத்தையும் சொல்லாது அத்தை. ஆனா தினமும் தொட்டா, இது நேத்து மாதிரி இல்லன்னு கைக்குத் தெரியும்லா? தெரிஞ்சா தனியா வைப்போம். தனியா வச்சுப் பாப்போம். உடனே எதுக்குக் கத்தி?"

வண்டிமலைச்சி கையை எடுக்கவில்லை. பிறகு தன் காலடியில் பம்மி நின்ற புள்ளிக்கோழியை எடுத்தாள். வேடிக்கையாகத்தான் எடுத்தாள். தொட்ட கை அப்படியே நின்றது.

"ஏளா. இது கல்லும் இல்ல, மாவும் இல்ல. தண்ணிப் பை மாதிரி தளும்புதே."

உலகம்மா குனிந்து அலகருகே முகர்ந்தாள். புளித்த மாவின் வாடை அடித்தது. உள்ளே போனது செரிக்காமல் புளித்துக் கிடந்தது. எத்தனை நாளாகவோ? முன்பானால் புள்ளிக்கோழி வாயைத் திறந்து சொல்லியிருக்கும். சொன்னால் வண்டிமலைச்சி என்ன செய்திருப்பாள் என்று இருவருக்கும் தெரியும். ஊருக்கு முன்னால் நின்று சட்டம் பேசியவள். தன் செல்லம் என்று விட்டிருக்க மாட்டாள். தானே அறுத்திருப்பாள். அறுத்துவிட்டு உண்ணாமல் படுத்திருப்பாள்.

புள்ளிக்கோழி அவள் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. கத்தி வருகிறது என்றுதான் நினைத்ததோ என்னவோ. வண்டிமலைச்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் அதன் முதுகில் விழுந்தது.

"இதுக்கும் எண்ணெய் வைக்கணுமாட்டி?"

"இது வேற மாதிரி இருக்கு அத்தை. வயித்துக்கு ஓய்வு குடுத்துப் பாப்போம். தீனி வேண்டாம், நல்ல தண்ணி மட்டும் இருக்கட்டும். இத அழுத்திப் பிசைஞ்சா மூச்சுக்குழலுக்கு ஏறிரும், தொட்டுப் பாத்தா மட்டும் போதும்."

"சரி. இன்னொரு கூடை எடுத்துட்டு வா" என்றாள் மாமியார்.

செவலை பிழைத்தது. புள்ளிக்கோழியும் இழுத்துப் பறித்துப் பிழைத்தது. தொட்ட கோழியெல்லாம் பிழைத்தது என்று சொன்னால் அது பொய். சிலது கையிலேயே போனது. ஆனால் போகிற வரைக்கும் அதைத் தொட்டுக்கொண்டு ஒரு கை இருந்தது. வண்டிமலைச்சியே வீடு வீடாகப் போய்ப் பெண்களின் கையைப் பிடித்து இரைப்பையில் வைத்துக் காட்டினாள். "கல்லா இருந்தா எண்ணெயும் தண்ணியும், தண்ணியாத் தளும்புனா பட்டினி, ரெண்டுக்கும் தனிக் கூடை" என்று சொல்லிவிட்டு வருவாள். அவள் அத்தனை வார்த்தை பேசி ஊரார் கேட்டதில்லை.

இனிப் பயமில்லை என்று கோழிகளுக்கும் சொன்னார்கள். உலகம்மாவே செவலையை மடியில் வைத்துச் சொன்னாள். "கத்தி இல்ல செவலை. சத்தியமா இல்ல. இப்பப் பேசு." செவலை அவளுக்காக அலகைத் திறந்தது. கழுத்தை நீட்டித் தவித்துப் பார்த்தது. வந்தது "கொக்... கொக்..." என்ற சத்தம்தான். பயந்து மூடிய வாயில் பேச்சு தங்கவில்லை. ஒருதரம் நம்மிடம் நம்பிக்கை போய்விட்டால் அது திரும்பி வந்தாலும் பழைய மாதிரி பேசாது, மனிதருக்கும் அப்படித்தானே?

உலகம்மா அழுதாள். செவலையைக் காப்பாற்றிவிட்டாள், அம்மாவின் குரலைத் தொலைத்துவிட்டாள். இரண்டும் ஒரே நாளில், ஒரே சொல்லால் நடந்தது. அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தாள். விடை ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஆயிற்று. செவலை பஞ்சாரத்துக்கு முன்னால் வந்து, வழக்கம் போலத் தலையைச் சாய்த்து நின்றது. உலகம்மா அதன் இரைப்பையைத் தொட்டாள். கம்பும் கீரையும் பொடிக்கல்லுமாகத் திண்ணென்று நிறைந்திருந்தது. உள்ளங்கைக்குக் கீழே அதன் கழுத்து வெதுவெதுப்பாகத் துடித்தது. "கொக்" என்றது செவலை.

"போதும்டி தாயி, வேலை கெடக்கட்டும், படு" என்றாள் உலகம்மா.

அன்று முதல்தான் கோழி தன் நோவை யாரிடமும் சொல்வதில்லை, செத்து விழுகிற நாள்வரை குப்பையைக் கிளறுவது போலவே காட்டிக்கொள்ளும். அன்று முதல்தான் பஞ்சாரத்தைத் தூக்குகிற பெண்ணின் கையும், தீனி போடுவதற்கு முன்னால், கேட்க முடியாததைக் கேட்பதற்காக அதன் கழுத்தடிக்குப் போகிறது.